பருவதமலை ஏற்றத்தில் மரத்துப்போன தோள்: 15.5 கிலோ முதுகுப் பை 7.3 கிலோவானது எப்படி

பின்னணி

பருவதமலை இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989-இல் மாவட்டம் பிரியும்வரை அது வட ஆற்காடு. வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை ஆட்களுக்கு இன்றும் அது நம்ம ஊர் மலைதான். போளூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து தென்மாதிமங்கலம் பக்கமாகவோ கடலாடி பக்கமாகவோ ஏறுவார்கள். உயரம் 4,500 அடிக்கு மேல். கீழ்ப்பகுதியில் படியும் கரடுமுரடான பாறைத் தடமும் இருக்கும். உச்சியை நெருங்கும்போது கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப்படி என்று செங்குத்தான இடங்கள் வரும். பாறையில் அடித்திருக்கும் இரும்பையும் சங்கிலியையும் பற்றி, உடம்பைக் கையால் மேலே இழுத்துத்தான் அங்கே ஏற முடியும். இரண்டு கையும் தலைக்கு மேல் போயாக வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த நிகழ்வில் வருபவர் ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் அப்பர் (காலணியின் மேல்பகுதி) தைக்கும் பிரிவின் மேற்பார்வையாளர். பெண், வயது 38, உயரம் 149 செ.மீ., எடை 52 கிலோ. நாள் முழுக்க நின்று வேலை செய்பவர். மூட்டு, முதுகு, கழுத்துத் தொல்லை எதுவும் அதற்கு முன் இல்லை. கூட வந்தவர்கள் மூன்று பேர்: கணவர், கணவரின் தம்பி, உடன் வேலை செய்யும் 29 வயதுப் பெண். மார்கழிப் பௌர்ணமிக்கு ஏறி, இரவு மேலே தங்கி, காலையில் இறங்குவது திட்டம். மேலே குளிர்காற்று அடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் துணி, போர்வை எல்லாம் தாராளமாக எடுத்தார்கள். மலைமேல் ஏறும் நேரம், தங்கும் அனுமதி பற்றிய கட்டுப்பாடுகள் மாறக்கூடியவை. யார் போவதானாலும் அடிவாரத்தில் கேட்டுக்கொண்டு ஏறுவதே சரி.

பை கணவரின் தம்பியுடையது: 65 லிட்டர், உள்ளே இரண்டு அலுமினியப் பட்டைகள் வைத்த ட்ரெக்கிங் பை. அவர் அலுவலகப் பையோடு வந்துவிட்டதால் பெரிய பை அண்ணிக்குப் போனது. மற்ற மூவரின் பையும் பள்ளிக்கூடப் பை அளவுதான். கிளம்பும்போது சாப்பாட்டுத் தூக்கு, போர்வை, பூஜைப் பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் தேடினார்கள். "அண்ணி பைலதான் எடம் நெறைய இருக்கு, அதுலயே வெச்சிடலாம்." இப்படியே பொதுப் பொருள் முழுக்க, குழுவிலேயே எடை குறைந்தவரின் முதுகுக்கு வந்து சேர்ந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பெரிய பையில் காலி இடம் தெரிந்தால் பொது மூட்டை அங்கேதான் போகும். சாப்பாட்டைப் பெண்கள் தூக்குவது வழக்கம் என்பதும் சேர்ந்துகொண்டது. கிளம்பும் முன் யாரும் எடை போடவில்லை.

முதல் ஏற்றத்தில் கண்டது

மாலை 3.30-க்குத் தென்மாதிமங்கலத்திலிருந்து ஏறத் தொடங்கினார்கள். முதல் ஒரு மணி நேரம் தொல்லை இல்லை. பையின் இடுப்பு பெல்ட் மட்டும் இடுப்பில் நிற்காமல் பிட்டத்துக்கு இறங்கி, ஒவ்வொரு படிக்கும் தொடையை இடித்தது. முழுக்க இழுத்துக் கட்டியும் தளர்வாகவே இருந்தது. 5 மணி வாக்கில் அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். மொத்தப் பாரமும் பையின் தோள் பட்டைகளுக்கு வந்தது அந்த நிமிடத்திலிருந்துதான்.

6.15-க்கு வலது தோளிலும் மேல்கையின் வெளிப்புறத்திலும் எறும்பு ஊர்வதுபோல் இருப்பதாகச் சொன்னார். கை தூங்கிவிட்டது என்று நினைத்து உதறிவிட்டுத் தொடர்ந்து நடந்தார். 7.10-க்குக் கடப்பாறைப் படி அடிக்கு வந்தார்கள். வலது கையை மேலே இருந்த இரும்புக்கு நீட்டப் பார்த்தார். முழங்கை மார்பு உயரம் வரை வந்து நின்றுவிட்டது. விரல்கள் மடங்கின, பிடியும் இருந்தது. ஆனால் கையைத் தோளுக்கு மேல் தூக்கும் பலம் இல்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி இரும்பின்மேல் வைத்துப் பார்த்தார், அது வழுக்கி இறங்கியது.

அந்த இடத்தில் எடுத்த முடிவு

அப்போது மூன்று யோசனைகள் வந்தன. கணவரின் தம்பி பையை வாங்கிக்கொள்ள, அண்ணி பை இல்லாமல் ஏறலாம். கயிறு கட்டி மேலே இழுக்கலாம். அல்லது அண்ணி அங்கேயே நின்றுவிடலாம். கயிறு யோசனையை உடனே விட்டார்கள். பின்னால் ஆட்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒருவர் நழுவினால் கீழே இருப்பவர்களுக்கும் ஆபத்து. பை இல்லாமல் ஏறலாம் என்பது நியாயமாகத் தெரிந்தாலும், பாரத்தை இறக்கியதும் நரம்பு உடனே சரியாகிவிடாது. மூன்றாவது முடிவே எடுக்கப்பட்டது. அவரும் கணவரும் செங்குத்துப் பகுதிக்குக் கீழே, தடத்தை விட்டு விலகிய தட்டையான பாறையில் மற்ற பக்தர்களோடு தங்கினார்கள். மற்ற இருவரும் ஏறி, தரிசனம் முடித்து, விடிந்ததும் இறங்கி வந்தார்கள்.

இது சரியான முடிவு. தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது: 6.15-க்கு மரத்தபோது பையை இறக்கியிருந்தால் 7.10-க்குக் கை பலம் இழந்திருக்காது.

காலையில் மரப்பு பெரும்பாலும் போயிருந்தது, பலம் திரும்பவில்லை. ஊருக்கு வந்த மறுநாள் மருத்துவரிடம் காட்டினார்கள். தோள் பட்டை அழுத்தியதால் கைக்குப் போகும் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கிறது என்று சொல்லி, 3 வாரம் தோளில் எதையும் மாட்டக் கூடாது என்றார். 9-ஆம் நாள் கை முழுதாகத் தூக்க வந்தது.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கைக்கான நரம்புகள் கழுத்திலிருந்து கற்றையாகப் புறப்பட்டு, கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட பள்ளம் வழியாகக் காறை எலும்புக்கு அடியில் நுழைந்து கைக்கு வருகின்றன. பை பாரமாக இருந்து, பட்டை அந்தப் பள்ளத்தில் மணிக்கணக்கில் அழுத்தினால் கற்றையின் மேல்பகுதிதான் முதலில் அடிவாங்கும். கையைப் பக்கவாட்டில் தூக்கும் தோள் தசை அந்தப் பகுதியை நம்பியிருக்கிறது. விரல் வேலை செய்தும் கை மேலே போகாததற்குக் காரணம் அது. பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகிவிடும். ஆனாலும் பலம் குறைந்திருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

எடை போட்டபோது தெரிந்தது

வீட்டில் பொருள்களை ஒவ்வொன்றாகச் சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்தார்கள். தின்று தீர்ந்ததை அதே அளவு மறுபடி எடுத்து எடை பார்த்தார்கள். மொத்தம் 15.5 கிலோ வந்தது. அவருடைய உடல் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம். ஒரு நாள் நடைக்கு உடல் எடையில் 10 சதவீதம், இரவு தங்கும் நடைக்கு 20 சதவீதம் என்பது மலையேறுவோர் பொதுவாக வைத்துக்கொள்ளும் மேல்வரம்பு. 52 கிலோ உள்ளவருக்கு 20 சதவீதம் என்றால் 10.4 கிலோ.

கணக்கு எங்கே போனது என்று பார்த்தபோது எல்லோருக்கும் ஆச்சரியம் தந்தவை பெரிய பொருள்கள் இல்லை, பாத்திரங்கள்தான். பை மட்டும் 2,150 கிராம். தண்ணீர் 3 லிட்டர், அதாவது 3 கிலோ. அதைக் கொண்டுபோன இரண்டு எவர்சில்வர் பாட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் சேர்ந்து 710 கிராம். மூன்றடுக்குத் தூக்கு காலியாகவே 900 கிராம். அதில் இருந்த புளிசாதமும் இட்லியும் 1,450. ஆற்காட்டில் வாங்கிய மக்கன் பேடா டப்பா 1,060. அதன் பாகு கசிந்து போர்வையில் ஒட்டியிருந்தது. முறுக்கு, தட்டை 400. சோலாப்பூர் போர்வை 1,300. மாற்றுத் துணி 480, ஸ்வெட்டர் 520, டர்க்கி டவல் 430. பெரிய டார்ச் 480, 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 420, சார்ஜரும் வயரும் 130. இரண்டு தேங்காய், எண்ணெய்ப் பாட்டில், கற்பூரம் எல்லாம் 1,350. குடை 380, மருந்தும் சில்லறைப் பொருளும் 350.

தின்று, குடித்து, படைத்துத் தீர்வதைக் கழித்தால் மீதி 8,250 கிராம். ஏறும்போதும் இறங்கும்போதும் மாறாமல் முதுகில் இருப்பது இதுதான். எடைக் குறைப்பில் முதலில் கை வைக்க வேண்டியதும் இதில்தான். தண்ணீரைக் குறைத்து எடையைக் குறைப்பது எங்கள் பக்கத்து வெயிலில் உயிரோடு விளையாடுவதற்குச் சமம். அதை யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

முதுகை அளந்தது

அடுத்த கேள்வி: இடுப்பு பெல்ட் ஏன் இறங்கியது? பை வாங்குவோர் லிட்டரைக் கேட்கிறார்கள், முதுகு நீளத்தை யாரும் கேட்பதில்லை. ஆள் உயரத்தைக் கொண்டும் அதை ஊகிக்க முடியாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் இன்னொருவருக்கு முதுகு நீளமாகவும் இருக்கும்.

அளக்கத் தையற்கடை இஞ்சி டேப் போதும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு முடிச்சு துருத்தும். அது மேல் புள்ளி. இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில், கட்டைவிரல் முதுகுப் பக்கம் வரும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இரு கட்டைவிரலையும் சேர்க்கும் நேர்கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் கீழ்ப் புள்ளி. நேராக நின்றபடி, முதுகின் வளைவோடு டேப்பை ஒட்டிப் பிடித்து இன்னொருவர் அளக்க வேண்டும்.

அவருக்கு 39 செ.மீ. வந்தது. பையின் அளவு 50 செ.மீ. முதுகுக்கானது. 11 செ.மீ. வித்தியாசம். தோள் பட்டை தோளில் உட்கார்ந்தால் பெல்ட் பிட்டத்தில். பெல்ட் இடுப்பெலும்பில் உட்கார்ந்தால் தோள் பட்டை தோளை விட்டுக் காற்றில். போதாததற்கு, பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தாலும் 86 செ.மீ. சுற்றளவுக்குக் கீழே போகவில்லை. அவருடைய இடுப்பெலும்புச் சுற்றளவு 82. பாரத்தின் பெரும்பகுதியை வாங்க வேண்டிய பெல்ட் எதையும் வாங்க வழியே இல்லை.

தைக்கும் தொழிலில் இருப்பவர் என்பதால் பையைத் தானே மாற்றிவிடலாம் என்று நினைத்தார். தோள் பட்டை சேரும் பகுதியைப் பிரித்து 11 செ.மீ. கீழே இறக்கித் தைப்பது அவருக்குப் பெரிய வேலை இல்லை. குத்து ஊசியும் நைலான் நூலும் எடுத்துப் பிரிக்க உட்கார்ந்தவர், அலுமினியப் பட்டையை உருவிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். பட்டையின் நீளம் 58 செ.மீ. தோள் பட்டையை இறக்கித் தைத்தால் பையின் தலை அவருடைய பிடரிக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். சங்கிலியைப் பிடித்து மேலே பார்க்கும்போது தலையை முன்னால் தள்ளும். அலுமினியத்தை வெட்டினால் பை துணிப்பையாகிவிடும். வேறு பை வாங்குவதென்று முடிவானது.

பை தேர்ந்தெடுத்த விதம்

கொண்டுபோகும் பொருளை முதலில் முடிவு செய்து, அதையெல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி, அதன் பிறகுதான் கடைக்குப் போனார்கள். பை கடைசியாக வாங்க வேண்டிய பொருள். முதலில் வாங்கினால் அதை நிரப்பக் கை தானாகப் பரபரக்கும். அடுக்கிய பெட்டி 30 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது.

வேலூரில் மூன்று பைகளைப் போட்டுப் பார்த்தார். கையோடு 5 கிலோ அரிசிப் பையும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோய், பெட்ஷீட்டில் சுற்றிப் பைக்குள் வைத்து, கடை மாடிப்படியில் 20 நிமிடம் ஏறி இறங்கினார். வெறும் பையைப் போட்டுப் பார்த்து வாங்குவதில் பயன் இல்லை. முதல் பை 40 லிட்டர். இடுப்பில் வெறும் நாடா மட்டும் இருந்தது. அது பை ஆடாமல் பிடிக்குமே தவிரப் பாரம் தாங்காது. இரண்டாவதில் முதுகுக்குக் காற்றுப் போக வலை இழுத்துக் கட்டியிருந்தது. புழுக்கத்துக்கு நல்லதுதான், ஆனால் அந்த வலையால் பை முதுகை விட்டுப் பின்னால் தள்ளி நின்றது. கம்பியைப் பிடித்து ஏறும்போது ஆளைப் பின்னுக்கு இழுப்பது அந்தத் தள்ளிய எடைதான். அதன் எடையும் 1,600 கிராம்.

மூன்றாவது 34 லிட்டர், 1,050 கிராம். உள்ளே பிளாஸ்டிக் தகடும் ஒரு அலுமினியப் பட்டையும். தோள் பட்டையை மேலும் கீழும் நகர்த்தி முதுகு நீளத்தை மாற்றலாம். பெல்ட்டில் கெட்டியான ஃபோம். விரலால் அழுத்தினால் அடித் துணி தட்டுப்படவில்லை. பெல்ட்டின் நடுக்கோடு இடுப்பெலும்பின் விளிம்பில் வரும்படி கட்டி, தோள் பட்டைகளை முழுக்கத் தளர்த்தியபோது பை இறங்காமல் நின்றது. தோளுக்கும் பட்டைக்கும் இடையில் கை தாராளமாக நுழைந்தது. இந்தச் சோதனையில் தேறாத பையை எவ்வளவு விலை குறைந்தாலும் வாங்க வேண்டாம். பிறகு தோள் பட்டையை லேசாக இழுத்து, தோளுக்கு மேலே பையின் தலையைப் பிடிக்கும் சின்ன வாரைச் சுமார் 45 டிகிரியில் நிற்கும்படி இறுக்கினார்கள்.

குறைத்தவை, குறைக்காதவை

தண்ணீர் 3 லிட்டர் அப்படியே. எவர்சில்வர் பாட்டிலுக்குப் பதில், திரும்பத் திரும்பப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் மூன்று, மொத்தம் 240 கிராம். சாப்பாட்டில் பெரிய மாற்றம் வந்தது. வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரிதான். அதே 100 கிராம் வேர்க்கடலையில் 560-க்கு மேல். வாழையிலையில் சுற்றிய பொடி இட்லி முதல் வேளைக்கு, பிறகு கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் என்று மொத்தம் 700 கிராம். தூக்கு வீட்டில் நின்றது.

சோலாப்பூர் போர்வைக்குப் பதில் 450 கிராம் பிளீஸ் போர்வை. டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு, 110 கிராம். பிழிந்து தோளில் போட்டால் ஏறும்போதே காய்ந்துவிடும். மாற்றுத் துணி 300, ஸ்வெட்டருக்குப் பதில் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் 260. டார்ச்சுக்குப் பதில் தலையில் மாட்டும் விளக்கும் மாற்று பேட்டரியும் 120. இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டிய மலையில் டார்ச்சே தவறான பொருள். 10,000 பவர் பேங்க்கும் வயரும் 240. மருந்து, இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் உட்பட 180. பைக்குள் போடும் பெரிய பாலிதீன் உறை 60. குடை வேண்டாம் என்றானது.

பூஜைப் பொருளை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவர் மலை ஏறுவதே அதற்குத்தான். நார் முழுக்க உரித்த ஒரு தேங்காய், எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பதில் நெய்யில் முன்பே தோய்த்த திரி, கற்பூரம்: 600 கிராம்.

மொத்தம் 7,310 கிராம், உடல் எடையில் 14 சதவீதம். தீர்ந்துபோகாத எடை 8,250-லிருந்து 3,010-க்கு வந்தது. மற்ற மூவரின் பையும் எடை போடப்பட்டு, பொதுப் பொருள் அவரவர் எடைக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டது.

சோளிங்கரில் ஒத்திகை

மருத்துவர் சொன்ன 3 வாரம் முடிந்த பிறகு, சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படிகளில் இரண்டு ஞாயிறு ஏறினார்: முதலில் 5 கிலோ, அடுத்து முழு எடை. இரண்டு குறை தெரிந்தது. மார்புப் பட்டை உயரமாக இருந்து தொண்டையை அழுத்தியது. காறை எலும்புக்கு நான்கு விரல் கீழே இறக்கியதும் மூச்சு இலகுவானது. இன்னொன்று குரங்கு. பக்கப் பையில் நின்ற பாட்டிலை ஒரு குரங்கு இழுத்தபோது அவர் நிலை தடுமாறினார். அதன் பிறகு வெளியே எதுவும் தொங்கவில்லை. பாட்டில்கள் பைக்குள், முதுகை ஒட்டித் தோள் எலும்புகளுக்கு நடுவே, போர்வை அடியில், விளக்கும் மிட்டாயும் மேல் ஜிப்பில்.

இரண்டாவது ஏற்றமும் விளைவும்

மாசிப் பௌர்ணமிக்கு அதே நால்வர், அதே வழி. ஒவ்வொரு 45 நிமிடத்துக்கும் பையை இறக்கி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்ப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். மரப்பு ஒருமுறையும் வரவில்லை. கடப்பாறைப் படிக்கு முன் பெல்ட்டையும் மேல் வாரையும் இறுக்கிப் பையை முதுகோடு ஒட்டவைத்தார். உடன் வந்த பெண் பின்னாலிருந்து, "அக்கா, பை ஆடவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாலரை மணி நேரத்தில் உச்சி.

எல்லாமே சரியாகப் போகவில்லை. பின்னிரவுக் காற்றுக்குப் பிளீஸ் போர்வை போதவில்லை. பிளீஸ் சூட்டைப் பிடிக்கும், காற்றைத் தடுக்காது. மூன்று மணிக்குமேல் அவர் தூங்கவில்லை. பாறையின் குளிர் அடியிலிருந்தும் ஏறியது. இங்கே எடையைக் குறைத்தது அளவு மீறிப்போனது. தண்ணீரும் தப்புக் கணக்கு: மேலே போகும்போதே 2.4 லிட்டர் தீர்ந்திருந்தது. இறக்கம் 8.30-க்குத்தான் தொடங்கியதால் மீதி 600 மி.லி. வெயிலுக்குப் போதவில்லை. வழியில் மோர் வாங்கிக் குடித்து, கணவரின் பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கலக்கிக் குடித்துச் சமாளித்தார். இறங்கும்போது முழங்கால் வலி லேசாக இருந்தது, மறுநாள் போய்விட்டது.

மாற்றியவை

காதை மூடும் குல்லா, ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ், கீழே விரித்துப் பாதியை மேலே மடித்துப் போர்த்தும் மெல்லிய தார்ப்பாய்: மூன்றும் சேர்ந்து சுமார் 400 கிராம். அது பட்டியலில் ஏறிவிட்டது. இறக்கத்துக்கென்று ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் தனியாக, வேறு நிற மூடி போட்ட பாட்டிலில். ஏறும்போது அதைத் திறக்கக் கூடாது. இவை இரண்டும் சேர்ந்தால் பை 8.8 கிலோவுக்கு வரும், வரம்புக்குள்தான். விடிந்ததும் 6 மணிக்குள் இறங்கத் தொடங்குவது, இறக்கத்துக்கு மூங்கில் தடி. தோளிலோ கையிலோ மரப்பு தெரிந்த உடனே பையை இறக்குவது, பத்து நிமிடத்தில் போகாவிட்டால் அன்றைக்கு அந்தப் பையை அவர் மறுபடி தூக்காமல் இருப்பது.

65 லிட்டர் பை கணவரின் தம்பியிடமே திரும்பிப் போனது. அவருடைய முதுகையும் அளந்தார்கள்: 51 செ.மீ. பெல்ட் அவருடைய இடுப்பெலும்பில் அச்சாக உட்காருகிறது.